கால்பந்து கேள்வி - பதில்

கேள்வி: 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 79 நிமிடம் வரை 2-0 என்று முன்னிலையில் இருந்த அர்ஜென்டினா, பிரான்ஸிடம் திடீரென ஏன் தடுமாறியது?

பதில்: 64-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் ஓர ஆட்டக்காரர் டி மரியாவை வெளியே எடுத்ததுதான் முதல் காரணம். அன்று அவரை இடது ஓரத்தில் நிறுத்தியது பயிற்சியாளர் ஸ்கலோனியின் அருமையான கணக்கு. முதல் கோலுக்கான பெனால்டியும் இரண்டாவது கோலும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தன. அவருக்குப் பதில் தற்காப்பு ஆட்டக்காரர் அகுன்யா வந்ததும், அந்தப் பக்கத்தைக் காத்த பிரான்ஸின் கூண்டேவுக்கு முன்னேற பயமில்லாமல் போனது, அணியும் பின்வாங்கியது.

மறுபுறம் பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம்ப் இடைவேளைக்கு முன்பே முன்கள வீரர்கள் ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியே எடுத்துவிட்டார். (அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது!) மாற்று வீரராக வந்த கோலோ முவானியின் வேகத்துக்கு அர்ஜென்டினா தற்காப்பு ஆட்டக்காரர் ஓட்டமெண்டியால் ஈடுகொடுக்க முடியவில்லை: தவறாட்டம், பெனால்டி. அடுத்த நிமிடமே நடுக்களத்தில் மெஸ்ஸியிடமிருந்து பிரான்ஸின் கோமான் பந்தைப் பறிக்க, எம்பாப்பே சமன் செய்தார்.

கேள்வி: அதே உலகக் கோப்பையில் சவூதியிடம் அர்ஜென்டினா 1-2 என்று தோற்றது ஏன்?

பதில்: சவூதியின் தற்காப்பு வரிசை நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. அர்ஜென்டினா முன்வரிசையினர் அவசரப்பட்டு ஓடி, சக வீரர் பந்தைத் தரும் முன்பே அந்த வரிசையைத் தாண்டியதால், ஆஃப்சைடு விதியில் சிக்கினார்கள். முதல் பாதியிலேயே மூன்று கோல்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. நடுக்களத்திலிருந்து தாமதமாகக் கிளம்பும் ஓட்டம்தான் அதற்கு மருந்து. பிறகு போலந்துடன் முன்கள வீரர் அல்வாரஸ், நடுக்கள வீரர்கள் என்ஸோ, மெக் அலிஸ்டர் மூவரும் தொடக்கத்திலேயே களமிறங்கியதும் ஆட்டம் மாறியது.