சிரிப்பு வராததற்கு உங்கள் ஜெர்மன் காரணமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்தோம். ஜெர்மன் பி1 (இடைநிலை) முடித்திருக்கிறேன். பக்கத்து வீட்டார் சொன்னதால் ‘டேர் ஷூ டெஸ் மானிட்டு’ படத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. பார்த்தவர்களில் சிலர் வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொல்கிறார்கள், சிலர் படுமொக்கை என்கிறார்கள். யாரை நம்புவது? என் மொழியறிவு போதவில்லையா? ஒன்பது வயது மகனும் பார்க்க வேண்டும் என்கிறான்.
– ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: அன்புச் சகோதரி, மொழி இங்கே இரண்டாவது காரணம்தான். அந்தப் படம் எதைக் கேலி செய்கிறதோ, அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதுதான் முதல் காரணம்.

கார்ல் மை (1842–1912) எழுதிய வினெட்டூ கதைகள் ஜெர்மானியரின் பால்யத்தோடு ஒட்டியவை. அமெரிக்கப் பூர்வகுடியான அபாச்சி இனத்தின் தலைவன் வினெட்டூவும் வெள்ளைக்கார நண்பன் ஓல்டு ஷாட்டர்ஹேண்டும் ரத்த சகோதரர்கள். 1962 முதல் இந்தக் கதைகள் படங்களாக வந்தன. யூகோஸ்லாவியாவின் மலைகளே அமெரிக்க மேற்கு ஆயின. பியர் பிரீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வினெட்டூவாக நடித்தார். கம்பீரமான இசை, நிதானமான குதிரைச் சவாரி, எப்போதும் உயர்ந்த பேச்சு. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டதால், அடுத்த தலைமுறைக்கும் அவை மனப்பாடம்.

நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் மிஷாயேல் ‘புல்லி’ ஹெர்பிக் 2001இல் கைவைத்தது இந்தக் கம்பீரத்தில். அவருடைய அபஹாச்சியும் நண்பன் ரேஞ்சரும் தென் ஜெர்மனியின் பவேரியக் கொச்சையில் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். கடன் வாங்கி வாங்கிய மதுக்கடை, முன்பக்கச் சுவர் மட்டுமே உள்ள ஏமாற்று வேலை; அது அப்படியே சரிகிறது. போர் தொடங்க, புதைத்த கோடரியைத் தோண்டி எடுப்பது பழைய கதைகளின் வழக்கம். இங்கே மடக்கு நாற்காலியைத் தோண்டி எடுக்கிறார்கள். கோடரியைப் பற்றித் தெரியாதவருக்கு நாற்காலி வெறும் நாற்காலிதான். ஜெர்மனித் திரையரங்குகளில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இதைப் பார்த்தார்கள் என்றால், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் கோடரியைத் தெரிந்திருந்தது.

ஆகவே ஒரு கருத்தைப் படிக்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காதீர்கள். எழுதியவர் வினெட்டூ படங்களைப் பார்த்தவரா என்று தேடுங்கள். ‘சின்ன வயதில் அப்பாவோடு பார்த்தது’ போன்ற வரி இருந்தால், அவருடைய சிரிப்பும் சலிப்பும் இரண்டுமே கணக்கில் வரும். அடுத்து, ஹெர்பிக்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘புல்லிபரேடு’ (1997–2002) பற்றி ஏதாவது சொல்கிறாரா பாருங்கள். இந்தப் பாத்திரங்கள் அங்கே சின்னச் சின்னக் காட்சிகளாகப் பிறந்தவை. ‘ஐந்து நிமிட நகைச்சுவையை ஒன்றரை மணி நேரமாக இழுத்திருக்கிறார்கள்’ என்று அந்த நிகழ்ச்சியை அறிந்தவர் குறை சொன்னால் அது நியாயமான குறை. நடுப்பகுதியில் படம் உண்மையிலேயே தொய்கிறது. வெறுமனே ‘முட்டாள்தனம்’ என்று எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். முட்டாள்தனம்தான் அங்கே நோக்கம்.

ஒரு வகைக் குறையை மட்டும் ஒதுக்காதீர்கள். அபஹாச்சியின் இரட்டைச் சகோதரன் வினெட்டச், இளஞ்சிவப்புப் பண்ணையில் வாழும் ஓரினச்சேர்க்கையாளன். ஹெர்பிக்கே இரு வேடமும் போட்டிருக்கிறார். வினெட்டச் பேசும் விதமும் நடையும்தான் அங்கே சிரிப்புக்கு மூலதனம். பூர்வகுடி மக்களாக ஜெர்மானியரே வேடமிட்டு நடித்ததும் உறுத்துகிறது. 2025 ஆகஸ்டில் தொடர்ச்சிப் படம் வந்தபோது இவை மறுபடி பேசப்பட்டன. இந்த விமர்சனம் சரியென்றே நினைக்கிறேன். படத்தின் நல்ல நகைச்சுவைகள் இவற்றின் தயவில் நிற்கவில்லை என்பதால் எனக்குக் கூடுதல் வருத்தம்.

மறுபடி பார்ப்பதென்றால் முதலில் 1962இல் வந்த வினெட்டூ படமான ‘டேர் ஷாட்ஸ் இம் சில்பர்சே’ பாருங்கள். புதையல் வரைபடத்தின் ஒரு பாதி களவுபோவதில்தான் அதன் கதை ஓடுகிறது. ஹெர்பிக் படத்தில் அதே வரைபடம் நான்கு துண்டாகி நான்கு பேரிடம் மாட்டியிருக்கும். பிறகு 1963இல் வந்த ‘வினெட்டூ’ முதல் பாகத்தில் ரத்த சகோதரச் சடங்கை மட்டுமாவது பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஹெர்பிக்கிடம் வாருங்கள். இசை தொடங்கும்போதே வித்தியாசம் தெரியும்.

இனி மொழி. பி1 வகுப்பில் நீங்கள் படித்தது பொதுஜெர்மன். படத்தில் வருபவர்கள் ‘இஷ்’ (நான்) என்பதை ‘இ’ என்றும் ‘நிஷ்ட்’ (இல்லை) என்பதை ‘நெட்’ என்றும் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். ஜெர்மன் ஒலியோடு ஜெர்மன் வசனவரியையே போடுங்கள். ஆங்கில வசனவரி வேண்டாம்: பவேரியப் பேச்சின் அலட்சியம் அதில் வழுவழுப்பாகிவிடும், சண்டையின் வேகமும் போய்விடும். வசனம் ஓடிப்போனால் நிறுத்தி, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மீண்டும் ஓட்டுங்கள். படம் முழுக்க அப்படிச் செய்யாதீர்கள், சிரிப்பு செத்துவிடும்.

மகன் பார்க்கலாம். ஜெர்மன் தணிக்கை 6 வயதுக்கு மேல் அனுமதித்திருக்கிறது. சரியும் மதுக்கடையும் அடிதடியும் அவனுக்கு எந்த முன்னறிவும் இல்லாமலே பிடிக்கும். தொடக்கத்திலேயே ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான், இரட்டை அர்த்தப் பேச்சும் உண்டு, கூடவே உட்காருங்கள். வினெட்டச் வரும்போது, நிஜத்தில் ஒருவரை இப்படி நடித்துக் காட்டிக் கேலி செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ என்ற நீட்டித்த பதிப்பும் இருக்கிறது. முதல் தடவைக்கு அது வேண்டாம், திரையரங்கில் வந்த பதிப்பையே எடுங்கள்.