வலி தெரிகிறது, வருத்தம் தெரியவில்லை

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆறு வருஷமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. போன வருஷம் மாமியார் தவறியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் காரியம் முடிகிறவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தார். மகள் மார்க் குறைந்து அழுதால், "எனக்கு வலிக்குது, சத்தம் போடாதே" என்கிறார். மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபம். நடிக்கிறாரா? வலி ஒரு மனுஷனைக் கல்நெஞ்சாக்கிவிடுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நடிப்பு இல்லை. கல்நெஞ்சும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துக்கமே இல்லாதவருக்கு அம்மா போன அந்த நாட்களில் வலி ஏன் அவ்வளவு ஏற வேண்டும்? துக்கம் வந்திருக்கிறது. அது துக்கம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

முதலில் அந்த எம்.ஆர்.ஐ. விஷயம். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 40 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்கள் கணவரின் வலி பொய் என்பதல்ல இதற்குப் பொருள். ஆறு வருஷ வலிக்கு அந்த டிஸ்க்கை மட்டும் காரணம் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அது மூளையில் வேறு பாதையைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக முதுகு வலி வந்தவர்களை அமெரிக்காவில் ஒரு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வலி போகாமல் தங்கிவிட்டவர்களிடம், வலியை உணரும் பகுதிகளில் இருந்த செயல்பாடு மெல்ல மெல்ல உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளுக்கு நகர்ந்திருந்தது. ஆக, வருத்தமும் கோபமும் பயமும் போகிற வழியிலேயே வலியும் போகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். பாஸ்டனில் இருந்த பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970-களில் ஒரு குணத்துக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். இது நோய் அல்ல. மனதில் எழுவது இன்ன உணர்ச்சி என்று அடையாளம் காணச் சிரமப்படுகிற இயல்பு. நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், தாடை கெட்டிப்படும். அது கோபமா, பயமா, துக்கமா என்று மட்டும் தெரியாது. ஏற்கெனவே வலிக்கிற இடுப்பு ஒன்று இருந்தால் எல்லாமே அந்தக் கணக்கில் ஏறிவிடும். ஃபின்லாந்தில் எடுத்த ஒரு கணக்கில் ஆண்களில் 17 சதவீதம் பேரிடமும் பெண்களில் 10 சதவீதம் பேரிடமும் இது காணப்பட்டது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். "ஆம்பளப் பையன் அழுவானா?" என்று கேட்டே வளர்க்கிற நம் வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

சரி, மகள் அழும்போது ஏன் அப்படி? அடுத்தவர் வலியைப் புரிந்துகொள்ள நாம் பயன்படுத்துவதும் நம் சொந்த உணர்ச்சிக் கருவிகளைத்தான். 2004-ல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. துணைவருக்குக் கையில் லேசான மின்அதிர்ச்சி தரப்படுகிறது என்று தெரிந்த நேரத்தில் பெண்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். தனக்கே வலிக்கும்போது வேலை செய்கிற இன்சுலா என்ற பகுதி அப்போதும் வேலை செய்தது. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில், அலெக்ஸிதைமியா கூடக்கூட அந்தப் பகுதியின் எதிர்வினை குறைந்தது. தன் மனதைப் படிக்கத் தடுமாறுகிறவர் மகள் முகத்தையும் படிக்கத் தடுமாறுவார். போதாததற்கு, கவனத்தில் பெரும்பகுதியை வலி வேறு பிடுங்கிக்கொள்கிறது.

ஆனால் அவசரப்பட்டு அவருக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். மனச்சோர்வும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். தூக்கம், பசி, முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் எல்லாம் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிரிகாபலின், டிராமடால் போன்ற வலி மாத்திரைகளும் ஆளை மந்தமாக்கும். அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுக் குறைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது, கோபம்தான் வரும். உடம்பிலிருந்து தொடங்குங்கள். "நெஞ்சு அடைக்குதா, வயிறு பிசையுதா?" என்று கேட்டால் பதில் வரும். அதற்குப் பிறகு, "இன்னைக்கு சூப்பர்வைசர் பேசினதுல கோபமா, இல்ல மனசு கஷ்டமா?" என்று இரண்டைக் கொடுத்து ஒன்றைக் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடலாம், போலீஸ் விசாரணை ஆகிவிடக் கூடாது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிகிறது என்று 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் இது வெறும் பேச்சு இல்லை. பேசப் பிடிக்காதவர் என்றால் ஒரு சின்ன நோட்டில் வலி ஏறிய நேரம், பத்துக்கு எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் குறிக்கட்டும். மார்க்கர் போட்டு அளந்து துணி வெட்டுகிறவருக்கு இது ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்.

மகளிடமும் பேசுங்கள். அப்பா தானாகப் புரிந்துகொள்வார் என்று காத்திருக்க வேண்டாம். "அப்பா, எனக்கு அழுகையா வருது. பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க, ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று நேராகச் சொல்லட்டும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

வலி வரும்போது மட்டும் தைலமும் அனுசரணையும் கிடைக்கிற வீட்டில் வலிதான் பேசும் மொழியாகிவிடும். அதனால் நன்றாக இருக்கிற நாளிலும் உட்கார்ந்து பேசுங்கள், சாயங்காலம் சேர்ந்து நடங்கள்.

சிகிச்சைக்கு, மனநல டாக்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள், இடுப்பு வலிக்காகவே அங்கே போகட்டும். டுலோக்ஸெட்டின் மாத்திரை எழுதினால், "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே" என்று பதற வேண்டாம். நாள்பட்ட முதுகு வலிக்கும் அதைத் தருகிறார்கள். அழுத்திவைத்த உணர்ச்சிகளை அடையாளம் கண்டு வெளிப்படுத்தப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் வயதான முன்னாள் ராணுவத்தினர் 126 பேரிடம் அதைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதமாவது தணிந்தது. வழக்கமான உளவியல் சிகிச்சையில் அந்த அளவு தணிந்தவர்கள் 17 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் தூக்கிப் போடக் கூடியதல்ல. அதே சிகிச்சையைத் தேடி அலையாமல், வலி நோயாளிகளோடு வேலை செய்து பழகிய ஓர் உளவியலாளர் கிடைத்தால் போதும்.

"எல்லாம் மனசுதான்" என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் 14416, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. ஆறு வருஷமாக இதைச் சுமக்கிற நீங்களும் உங்களுக்காக அதே எண்ணைக் கூப்பிடலாம்.