ஸ்டிக்கர் போன செயின்சாவும் வாசகர் கேள்விகளும்

பழைய மரம் அறுக்கும் மிஷின்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "இது என்ன மாடல், இதற்கு எந்த பார்ட் சேரும்?" தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் மாமா காலத்து ஸ்டில் மிஷின் ஒன்று கிடக்கிறது. ஸ்டிக்கர் எதுவும் மிச்சமில்லை. ஒரு மெக்கானிக் 070 என்கிறார், இன்னொருவர் 090 என்று அடித்துச் சொல்கிறார். பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும், யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், கூடலூர்

இருவரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் வெளியே இருந்து பார்த்தால் அந்த இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரிதான் இருக்கும். 1959-ல் ஸ்டில் கம்பெனி கான்ட்ரா என்று ஒரு மிஷின் கொண்டுவந்தது. கியர் கிடையாது, கிராங்க் சுற்றினால் செயின் நேராகச் சுற்றும், 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறன். அன்றைக்கு அது பெரிய விஷயம், அமெரிக்காவில் லைட்னிங் என்ற பெயரில் விற்றார்கள். அந்த வம்சத்தில் வந்தவைதான் 070-ம் 090-ம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். 070-ன் சிலிண்டர் போர், அதாவது உள் விட்டம், 58 மி.மீ., கொள்ளளவு கிட்டத்தட்ட 106 சி.சி. 090-க்கு போர் 66 மி.மீ., 137 சி.சி. ஆனால் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 40 மி.மீ.தான். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு குச்சியை விட்டு, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை அளந்து மாடல் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அந்தக் குச்சி இரண்டு மிஷினிலும் ஒரே அளவைத்தான் காட்டும். முதலில் பிளக் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், சில பிஸ்டன்களின் தலையில் அளவு பொறித்திருக்கும், கரியைத் துடைத்தால் தெரியும். தெரியாவிட்டால் சிலிண்டரைத் தூக்கி வெர்னியர் வைத்து அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ரிங் மாற்ற எப்படியும் தூக்கத்தானே போகிறீர்கள், ஆர்டர் போடுவதற்கு முன்னால் தூக்குங்கள்.

இன்னொன்று. இரண்டும் ஒரே கிராங்க் கேஸ் குடும்பம் என்பதால் 070 உடம்பில் 66 மி.மீ. சிலிண்டர், பிஸ்டன் ஏற்றி ஓட்டுவது பரவலாக நடக்கிற வேலை. அதனால் நாளைக்கே மூடிக்கு உள்ளே 070 என்று எழுதியிருப்பது தெரிந்தாலும் அளக்காமல் ரிங் வாங்காதீர்கள். பிறந்தபோது அந்த மிஷின் என்னவாக இருந்தது என்பது உங்களுக்கு இப்போது தேவையில்லை, இன்று அதற்குள் இருக்கும் சிலிண்டர் எது என்பதுதான் தேவை. 090-ல் 090ஜி என்று கியர் வைத்த வகையும் உண்டு. செயின் பக்கம் பெரிதாக ஒரு கியர் பெட்டி துருத்திக்கொண்டிருந்தால் அது அந்த வகை. அதன் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுற்றும் பல் சக்கரம்) பக்கத்து பார்ட்கள் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் கேட்டால் கடையில் பார்ட் நம்பர் சொல்லுங்கள் என்கிறார்கள். மிஷின் உடம்பில் இருந்த ஒரு நீளமான நம்பரைச் சொன்னேன், அப்படி ஒரு பார்ட்டே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

நீங்கள் சொன்னது ஒன்று மிஷினின் சீரியல் நம்பராக இருக்கும், இல்லையென்றால் வார்ப்பு நம்பராக இருக்கும். சீரியல் நம்பர் அந்த ஒரு மிஷினுக்கு உரியது, அதில் மாடல் பெயர் ஒளிந்திருக்காது. வார்ப்பு நம்பர் என்பது அலுமினியம் அல்லது மக்னீசியத்தில் அச்சோடு சேர்ந்தே வார்த்து எடுப்பது. வார்ப்பு முடிந்த பிறகு அதில் ஓட்டை போடுவார்கள், புஷ் அடிப்பார்கள், ஸ்டட் ஏற்றுவார்கள், கடைசியில் விற்பனைக்கு வரும் பார்ட்டுக்கு வேறு நம்பர் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த வார்ப்பு நம்பரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்டில்லில் பார்ட் நம்பர் நான்கு, மூன்று, நான்கு என்று பதினோரு இலக்கம். முதல் நான்கும் குடும்பப் பெயர். 1106 என்றால் 070, 090 குடும்பம். 1110 என்றால் 041. 1118 என்றால் 028. 1119 என்றால் 038. வார்ப்பில் முதல் நான்கு இலக்கம் தெளிவாக இருந்தாலே எந்தக் குடும்பத்தின் பார்ட்ஸ் படத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், அதற்கப்புறம் படத்தைப் பார்த்துச் சரியான நம்பரைக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை, 9-ல் தொடங்கும் நம்பர்கள் ஸ்க்ரூ, சர்க்ளிப், பேரிங் போன்ற பொதுச் சாமான்கள். அதை வைத்துக் குடும்பம் கண்டுபிடிக்க முடியாது.

என் 041-ல் ஏவிஈக்யூ என்று பின்னால் எழுத்துகள் இருக்கின்றன. நண்பர் வைத்திருப்பதில் ஏவி மட்டும்தான். இரண்டுக்கும் பார்ட் ஒன்றுதானா?
– வாசகர், ஏற்காடு

பாதி ஒன்று, பாதி வேறு. ஏவி என்றால் அதிர்வைக் குறைக்க கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் வைத்தது. ஈ என்றால் எலெக்ட்ரானிக் இக்னிஷன், அதாவது பிளாட்டினம் பாயிண்ட் இல்லாதது. க்யூ என்றால் செயின் பிரேக். ஆக உங்களுக்கும் நண்பருக்கும் வேறுபடுவது ஸ்பார்க் தரும் காயில், காந்தம் பதித்த மேக்னெட் வீல், பிரேக் சம்பந்தப்பட்ட கவர், முன் கை கார்டு ஆகியவை.

இதில் மேக்னெட் வீல் விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பாயிண்ட் மிஷினின் வீலைக் கழற்றி எலெக்ட்ரானிக் காயில் உள்ள மிஷினில் போட்டால் அச்சில் அழகாக உட்கார்ந்துவிடும், ஸ்பார்க்கும் வரலாம், ஆனால் வர வேண்டிய நேரத்தில் வராது. காந்தமும் சாவிப் பள்ளமும் இருக்கும் இடம் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கயிறு பின்னால் அடித்துக் கை மணிக்கட்டைப் பதம் பார்க்கும், அல்லது மிஷின் மூச்சுத் திணறி ஓடும். காயிலும் வீலும் ஜோடியாகத்தான் மாற வேண்டும், இதில் பேரம் கிடையாது.

போர் விஷயத்தில் இங்கேயும் அதே கதை. சாதாரண 041-க்கு 44 மி.மீ., 61 சி.சி. 041 சூப்பருக்கு 48 மி.மீ., 72 சி.சி. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் அதே 40. சூப்பர் என்று எழுதிய மூடியைத் தேடி வாங்கிச் சாதாரண மிஷினில் மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள், மூடிக்கு விலை கம்மிதானே! 038-லும் மூன்று உண்டு. சாதா 61, சூப்பர் 67, மேக்னம் 72 சி.சி.

கனடா வந்து பல வருடமாகிவிட்டது. அக்கம்பக்கத்து கராஜ் சேலில் ஹோம்லைட் எக்ஸ்எல்-12 ஒன்று மலிவாகக் கிடைத்தது. கார்புரேட்டர் கிட் தேடினால் எக்ஸ்எல்-12-க்கே பல விதம் காட்டுகிறது. எதை வாங்க?
– வாசகர், ஸ்கார்பரோ

நல்ல மிஷின் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. 1963-ல் வந்தது, மக்னீசியம் உடம்பு, அந்தக் காலத்துக்கு மிகவும் இலேசு. வருடக்கணக்காக ஓடிய மாடல் என்பதால் உள்ளே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார்கள். பெயர்ப் பலகையில் யூடி என்று தொடங்கும் ஒரு நம்பர் இருக்கும். ஹோம்லைட்டில் உண்மையான அடையாளம் அதுதான், எக்ஸ்எல்-12 என்பது ஊர் கூப்பிடும் பெயர் மாதிரி. யூடி நம்பரை வைத்துத்தான் பார்ட்ஸ் பட்டியல் தேட வேண்டும்.

பலகை உரிந்து போயிருந்தால் மிஷினையே கேட்க வேண்டியதுதான். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்கு எண்ணெய் போக, கட்டைவிரலால் அமுக்கும் பித்தான் மட்டும் இருக்கிறதா, தானாகவும் எண்ணெய் போகிறதா என்று பாருங்கள். தானாகப் போனால் அது ஆட்டோமேட்டிக் ஆயிலர் வகை, அதன் பம்ப் வேறு. சூப்பர் எக்ஸ்எல் என்று ஒரு அண்ணன் உண்டு, அது 58 சி.சி., எக்ஸ்எல்-12 54 சி.சி. போர் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்கும் மேலே கொஞ்சம்தான், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கும் ஸ்ட்ரோக் ஒன்றே.

கார்புரேட்டர் கிட் விஷயத்துக்கு மிஷின் பெயரே வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவி அதன் உடம்பைப் பாருங்கள். டில்லட்சன் என்ற பெயரும் எச்எஸ் அல்லது எச்எல் என்ற எழுத்தும் கூடவே ஒரு நம்பரும் அடித்திருக்கும். அந்த நம்பருக்கு உரிய கிட்டை வாங்குங்கள். முந்தைய சொந்தக்காரர் கார்புரேட்டரையே மாற்றியிருந்தாலும் இந்த முறையில் தப்பாது. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வான பழைய டயாஃப்ரத்தை விறைக்க வைத்துவிடும், அதனால் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

ஹோம்லைட் கம்பெனி டெக்ஸ்ட்ரான் கையில் இருந்து 1994-ல் ஜான் டியரிடம் போய், அப்புறம் இன்னொரு கைக்கும் மாறிவிட்டது. பழைய பார்ட் வேண்டுமென்றால் விற்காமல் கிடக்கும் பழைய சரக்கு, இல்லாவிட்டால் ஓடாத இன்னொரு மிஷின். கராஜ் சேலில் அதே நிறத்தில் ஒரு செத்த மிஷின் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மெக்கலக் 10-10 என்று மஞ்சள் மிஷின் ஒன்றை நண்பர் தருகிறேன் என்கிறார். படத்தில் பார்த்தால் 7-10-ம் அப்படியே இருக்கிறது. ஏமாற்றமாகிவிடுமோ?
– வாசகர், நியூ ஜெர்சி

10 வரிசை என்று ஒரே உடம்பை வைத்து மெக்கலக் பெரிய குடும்பமே நடத்தியது. 10-10 என்பது 54 சி.சி., 7-10 என்பது 70 சி.சி. பெரிய நம்பருக்கு பெரிய எஞ்சின் என்று கணக்குப் போட்டால் இங்கே கவிழ்ந்துவிடும், பார்த்தீர்களா. காற்று வடிகட்டி மூடி, கைப்பிடி, டேங்க் பக்கம் போன்றவை ஒன்றுக்கொன்று சேரும் என்பதால் மேல் மூடியில் இருக்கும் எழுத்துக்கு மதிப்பே இல்லை. சிலிண்டரை அளந்த பிறகு விலை பேசுங்கள். இலவசமாகத் தருகிறார் என்றால் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டுமே நல்லவை.

இந்தக் கம்பெனியின் ராபர்ட் மெக்கலக்தான் 1968-ல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கியவர். கல்லுக்குக் கல் நம்பர் போட்டுப் பிரித்து, கப்பலேற்றி, அரிசோனாவில் லேக் ஹவாசு சிட்டியில் திரும்பக் கட்டினார். பார்ட் நம்பர் போடுவதில் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

070 என்று சொல்லி ஒரு கடையில் பழைய மிஷின் தந்தார்கள். ஒரிஜினலா, சீன டூப்ளிகேட்டா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், கம்பம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விடை "பாதிப் பாதி" என்றுதான் வரும். டூப்ளிகேட் பார்ட்கள் ஒரிஜினலில் நேராக ஏறும், அதனால் வருடங்கள் ஓட ஓட ஒரிஜினல் உடம்பில் டூப்ளிகேட் சிலிண்டர், டூப்ளிகேட் ஸ்டார்ட்டர் என்று சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

பார்க்க வேண்டியது கிராங்க் கேஸ்தான், அதுதான் மிஷினின் முதுகெலும்பு. அதில் சீரியல் நம்பர் அடித்திருக்கிறதா, வார்ப்பில் கம்பெனி பெயரும் 1106-ல் தொடங்கும் எண்ணும் இருக்கிறதா, அந்த இடத்தை யாராவது கிரைண்டர் போட்டுத் தேய்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேய்த்திருந்தால் அது டூப்ளிகேட்டா என்ற கேள்வியை விட திருட்டு மிஷினா என்ற கேள்விதான் பெரிது, கையை எடுத்துவிடுங்கள். கார்புரேட்டரில் எந்தப் பெயரும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அந்த பார்ட்டை மட்டும் சந்தேகப்படுங்கள், மொத்த மிஷினையும் அல்ல. புதுப் பெயிண்ட் அடித்த மிஷினுக்குக் கூடுதல் விலை கேட்டால் நான் குறைத்துத்தான் கேட்பேன், பெயிண்டுக்கு அடியில் என்ன விரிசல் இருக்கிறதோ யார் கண்டது.

ஸ்டில் 08 எஞ்சின் கிடைத்தது, ஆனால் முன்னால் கல் அறுக்கும் வட்டு மாட்டும் கை இருக்கிறது. இது செயின்சாதானா?
– வாசகர், வால்பாறை

அது டிஎஸ் 08, கல், இரும்பு அறுக்கும் வகை. 56 சி.சி. கொண்ட அதே 08 எஸ் எஞ்சினை வட்டுக்கும் மண்ணில் குழி போடும் ஆகருக்கும் வைத்துக் கொடுத்தார்கள். எஞ்சின் பார்ட்களை 08 எஸ் பட்டியலில் பார்த்து வாங்கலாம், வட்டுப் பக்கம் மட்டும் தனி. கல் தூசி தின்ற எஞ்சினாக இருக்கும், சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று சைலன்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பழைய மிஷினுக்குப் புது செயின் வாங்க எதை அளக்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள், அதுதான் பிட்ச். அந்த மூன்று ரிவெட் தூரம் 20.5 மி.மீ. வந்தால் .404 பிட்ச், பெரிய மிஷின்களில் வருவது. 18.6 வந்தால் 3/8. 16.5 வந்தால் .325. அப்புறம் பார் பள்ளத்துக்குள் ஓடும் பல்லின் தடிமன், பற்களின் எண்ணிக்கை. ஓரிகன் செயினாக இருந்தால் அந்தப் பல்லிலேயே 72, 73, 75 என்று அடித்திருக்கும். மூன்றுமே 3/8 பிட்ச்தான், தடிமன் மட்டும் .050, .058, .063 அங்குலம் என்று ஏறும்.

பழைய செயின் தேய்ந்து நீண்டிருந்தால் அளவு கொஞ்சம் கூடக் காட்டும், குழம்ப வேண்டாம். ஸ்ப்ராக்கெட் பல்லில் செயின் பள்ளம் போட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரமே கெடுத்துவிடும். உங்களுடையது 070 மாதிரி செயின் பிரேக் இல்லாத மிஷின் என்றால் பார் நுனியின் மேல் பாதியை மரத்தில் படவிடாதீர்கள், முகத்தை நோக்கித் துள்ளும்போது நிறுத்த அதில் எதுவும் இல்லை.