தயிர்ச் சட்டிக்குள் கஞ்சாவா?

வணக்கம் ஐயா,

வயிற்றிலுள்ள பற்றீரியா கஞ்சாவைப் போல வலியைக் குறைக்கிறது என்று ஒரு செய்தித் துணுக்கு கைபேசிகளில் சுற்றுகிறது. எனக்கு நெடுநாளாக வயிற்றுப் பிடிப்பு உண்டு. படுவான்கரை எருமைத் தயிரைத் தினமும் சாப்பிட்டால் போதும் என்கிறார் மாமா. உண்மையா?

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

துணுக்கில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மாமாவிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

கலங்களின் மேல் கஞ்சாவின் பொருட்கள் வந்து பற்றிக்கொள்ளும் இடங்களை வாங்கிகள் என்பார்கள். அவை நம் உடலில் இரண்டு வகை. சிபி1 மூளையிலும் குடல் நரம்புகளிலும் உண்டு. போதை ஏறுவது மூளையில் இருப்பதால்தான். சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்புக் கலங்களில் இருப்பது, அது போதை தராது. இரண்டையும் தூண்டும் பொருட்களை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. அவற்றில் ஒன்றான அனந்தமைட்டை 1992இல் கண்டறிந்தார்கள்.

2007இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் லக்டோபசிலஸ் அசிடோபிலஸ் பற்றீரியாவில் ஒரு குறிப்பிட்ட வகையைக் குடற்சுவர்க் கலங்களோடு சேர்த்து வைத்தார்கள். அக்கலங்கள் சிபி2 வாங்கிகளையும், வலிநிவாரணியான மோர்பின் பற்றும் வாங்கிகளையும் கூடுதலாக உருவாக்கின. பிறகு எலிகளுக்கு அதைக் கொடுத்து, பெருங்குடலின் கடைப்பகுதியில் சிறு பலூனை ஊதிப் பார்த்தார்கள். பற்றீரியா உண்ட எலிகள் அதிக அழுத்தத்தைத் தாங்கின. சிபி2ஐ மருந்தால் அடைத்ததும் அந்தத் தாங்குதிறன் குறைந்தது. இந்தக் கடைசிப் படிதான் ஆய்வின் உயிர். அது இல்லையென்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆக, பற்றீரியா கஞ்சாவைத் தயாரிக்கவில்லை. வாங்கிகளைத்தான் கூட்டியது.

எல்லாப் பற்றீரியாவும் இப்படி நல்ல பிள்ளையாக நடப்பதில்லை. 2010இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில், பருத்த சுண்டெலிகளின் குடலில் சிபி1 மிகையாக வேலை செய்து குடற்சுவரைக் கசியவிட்டது. குடற் பற்றீரியாவை மாற்றியபோது தணிந்தது.

மனிதரிடம்? அதே வகை அசிடோபிலஸை, உங்களைப் போல வயிற்றுப் பிடிப்பால் அவதிப்படும் 391 பேரிடம் 12 வாரம் சோதித்த முடிவு 2016இல் வெளியானது. மொத்தத்தில் போலி மருந்தைவிடப் பயன் அதிகமில்லை. வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களைப் பின்னர் தனியே பிரித்துப் பார்த்தபோது மட்டும் சற்றுக் குறைவு தெரிந்தது. பின்னர் பிரித்துப் பார்த்துக் கிடைக்கும் முடிவுகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

நம் ஊர்த் தயிரோ நேற்றைய உறையில் தோய்ந்தது. அதில் எந்தப் பற்றீரியா, எத்தனை என்பது பட்டிக்குப் பட்டி மாறும். ருசிக்காகச் சாப்பிடுங்கள், ஒத்துக்கொண்டால் தினமும்தான். ஆனால் எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வலி நித்திரையைக் கலைத்தாலோ மாமாவைக் கேட்காமல் வைத்தியரிடம் போங்கள்.