புழுவெட்டு என்றால் என்ன? உண்மையிலேயே புழுதான் வெட்டுகிறதா?

தலையிலோ தாடியிலோ ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, தோல் வழவழவென்று தெரிவதுதான் புழுவெட்டு. பெரும்பாலும் வலி இருக்காது. முடிவெட்டுபவர் சொல்லித்தான் பலருக்குத் தெரியவரும்.

கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களே முடியின் வேரைத் தாக்குவதால் வருகிறது. வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்துக் கடிக்கும் காவல் நாய் மாதிரி. வட்டத்தின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: அடியில் மெலிந்து நுனியில் தடித்த குட்டை முடிகள் ஆச்சரியக்குறி போல நிற்கும். வேர் செத்துவிடுவதில்லை என்பதால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைக்கும், சிலருக்கு முதலில் நரையாக. சின்ன வெங்காயத்தைப் புண்ணாகும்வரை தேய்க்காதீர்கள். வட்டம் பெருகினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. சீப்பைப் பகிர்ந்தாலும் ஒட்டாது. செதிலும் அரிப்புமாக முடி உடைந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஒட்டுவது அதுதான்.