விடுதியில் எழுதிய 120/80

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் எனக்கு ஐந்து குடும்பங்கள். கிராமத்துக்குப் போய்வர அரை நாள் ஆகிறது. பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். பி.பி.யை 120/80 என்று விடுதியிலேயே எழுதிவிடுகிறோம். வார்டில் இருந்தாலாவது நாலு நோயாளிகளைப் பார்க்கலாம். இதனால் என்ன பயன்?

பதில்: தம்பி, பயன் இருக்கட்டும். போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த 120/80 யாருடையது?

ரத்தக்கொதிப்பு வலிக்காது, காய்ச்சல் போலச் சுடவும் செய்யாது. அளந்தால்தான் தெரியும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர். அந்தக் கிராம சுகாதார செவிலியர் உங்கள் எண்ணை நம்பி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே! அவராவது போய்ப் பார்த்திருப்பார்.

வீடு பூட்டிக் கிடக்கிறதா? காலை பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் உங்களுக்காகத் திண்ணையில் காத்திருப்பார்களா? இதைக் கற்றுக்கொள்ளத்தான் அனுப்புகிறார்கள். வார்டில் நர்ஸ் கொடுத்ததும் நோயாளி மாத்திரையை விழுங்கிவிடுவார். ஊரில், 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, மாத்திரை வாசலுக்கே வருகிறது. அது வாய்க்குப் போகிறதா என்று அடுப்பங்கரை டப்பாவைத் திறந்தால்தானே தெரியும்? “தலை சுத்துனா போட்டுக்குவேன் கண்ணு” என்று பாட்டி சொல்வதை எந்த வார்டில் கேட்பீர்கள்? உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டியது பாட்டியிடமா, சமைக்கிற மருமகளிடமா என்பதும் அங்கே போனால்தான் புரியும்.

2022இல் இந்தத் திட்டம் வந்தபோதே அதற்குத் தத்தெடுப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைவிடத் தத்தெடுத்த பிள்ளையிடம் நமக்குக் கடமை அதிகம் என்று நம்புகிறவள் நான். “இவர்கள் என் பொறுப்பு” என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போங்கள். உட்கார வைத்து ஐந்து நிமிடம் ஆசுவாசப்படுத்திவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, இரண்டு முறை அளந்து பாருங்கள். பழைய எண்களை ஒரே கோடாக அடித்து, “அளக்கவில்லை” என்று எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். சமுதாய மருத்துவப் பேராசிரியரிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்காவது பி.பி.யின் முதல் எண் 160க்கு மேல் இருந்தால், மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.