எல்எஸ்டி-325, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளைக் கரையிறக்கிய அமெரிக்கக் கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவற்றில் ஒன்றான எல்எஸ்டி-325இன் (எல்எஸ்டி என்றால் 'லேண்டிங் ஷிப், டாங்க்', டாங்கி இறக்கும் கப்பல்) பணி வரலாற்றைத் தேடினேன். சிசிலி, சலேர்னோ, நார்மண்டி, கிரேக்கக் கடற்படை, இன்று அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரில் அருங்காட்சியகம் என்று வெறும் பட்டியலாகத்தான் கிடைத்தது. நார்மண்டியில் முதல் நாளே கரையேறியதா? தரைதட்டிய கப்பல் தானே எப்படி மீண்டது? அவசரத்துக்குக் கட்டியது 1999 வரை எப்படி ஓடியது?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதல் நாள் கரையேறவில்லை. 325, நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கரைக்கான துணைப் படையில் இருந்தது. படையெடுப்பு தொடங்கியது ஜூன் 6. 1944 ஜூன் 7 அன்று கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, ஆட்களையும் வண்டிகளையும் சிறு படகுகளிலும், நீரிலும் நிலத்திலும் ஓடும் டக் லாரிகளிலும் ஏற்றி அனுப்பியது. அதன் உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான்: இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 40க்கும் மேற்பட்ட நடைகள். போகும்போது வண்டிகள், திரும்பும்போது காயம்பட்டவர்கள், கைதிகள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்தக் கப்பலின் உயிர்நாடி. கடல் தாண்ட ஆழமாக மிதக்க வேண்டும், கரையேற மேலாக மிதக்க வேண்டும். 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மையர் போட்ட வரைபடம் இந்த முரண்பாட்டைத் தண்ணீரை வைத்தே தீர்த்தது. நீர்மூழ்கியில் இருப்பதைப் போன்ற பாலாஸ்ட் தொட்டிகள். பயணத்தில் அவற்றில் கடல்நீர் நிரம்பியிருக்கும். கரை நெருங்கும்போது பம்பு வைத்து வெளியேற்றுவார்கள். 500 டன் சரக்கோடு கரையேறும் நிலையில் அணியம் (கப்பலின் முன்பக்கம்) 3 அடி 11 அங்குலமும் பின்பக்கம் 9 அடி 10 அங்குலமும் நீரில் இருக்கும். 328 அடி நீளத்துக்கு இந்தச் சரிவைக் கணக்கிட்டால், சுமார் 55 அடிக்கு 1 அடி வரும். மெல்லச் சரியும் மணற்கரையின் சரிவும் அதுதான்.

கரைக்குச் சில நூறு கஜம் இருக்கும்போதே பின் நங்கூரத்தை இறக்கிவிட்டு, கம்பிவடத்தைத் தளர்த்திக்கொண்டே வந்து மணலில் முட்டுவார்கள். முட்டியதும் முன்தொட்டிகளில் மறுபடி நீர் நிரப்பினால்தான் கப்பல் அலைக்கு ஆடாமல் உட்காரும். பிறகு அணியக் கதவுகள், சாய்தளம், வண்டிகள். திரும்பும்போது தொட்டிகளைக் காலிசெய்து, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டியபடியே நங்கூர வடத்தை வின்ச்சால் இழுக்க வேண்டும். எல்லாப் பிழையும் இந்த வடத்தில்தான் வரும். நங்கூரம் மணலைப் பிடிக்காமல் இழுபட்டால், பக்கவாட்டு நீரோட்டம் பின்பக்கத்தைத் திருப்பிக் கப்பலைக் கரைக்கு இணையாகப் படுக்கவைத்துவிடும். வடத்தைத் தொய்யவிட்டால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

சிசிலியின் ஜெலாவில் தொல்லை வேறு. கரைக்கு முன்னாலேயே மணல்திட்டு. கப்பல் திட்டில் தட்டி நிற்கும், திட்டுக்கும் கரைக்கும் நடுவே வண்டி மூழ்கும் ஆழம். அதனால் இரும்புப் பெட்டி மிதவைகளைக் கோத்துப் பாலம் போட்டார்கள். நார்மண்டியில் கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் 20 அடியைத் தாண்டும். முதலில் மிதவைப் படகுகளுக்குச் சரக்கை மாற்றிக் காலம் விரயமானது. பிறகு துணிந்து, நீர் வற்றும்போது கப்பலைக் கரையில் உட்காரவிட்டு, வண்டிகளை ஈரமணலிலேயே ஓட்டி இறக்கி, அடுத்த ஏற்றத்தில் மிதந்து போனார்கள். கப்பல் முறிந்துவிடும் என்ற பயம் இருந்தது, ஆனால் தட்டையான அடிப்பகுதி தாங்கியது.

தாங்காத இடம் நடுக்கடல். டாங்கித் தளம் குறுக்குச் சுவரில்லாத ஒரே நீண்ட கூடம். அலைமுகட்டில் கப்பல் வளையும்போது பாரம் மேல்தளத் தகட்டில்தான் விழும். 1945 மேயில் பெல்ஃபாஸ்டிலிருந்து அமெரிக்கா திரும்பும் வழியில் 325 புயலில் மாட்டி, ஒரு பேரலையில் அணியம் மோதி, மேல்தளத்தின் குறுக்கே விரிசல் ஓடியது. கப்பல் ஊழியர்கள் அந்த இடத்திலேயே இரும்பு விட்டங்களைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டியலில் வரும் எந்தப் படையெடுப்பையும்விட இந்தச் சம்பவம்தான் கப்பலைப் பற்றி அதிகம் சொல்லுகிறது என்பேன்.

நீண்ட ஆயுளுக்கு வருவோம். 1,051 எல்எஸ்டிகள் ஒரே அச்சில் கட்டப்பட்டன. இயந்திரங்கள் ஜெனரல் மோட்டார்ஸ் 12-567 டீசல் இரண்டு, தலா 900 குதிரைத்திறன். அதே வகைதான் அமெரிக்க ரயில் எஞ்சின்களிலும் ஓடியது. வேகம் 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) தாண்டாது, ஆனால் ரிப்பேர் எளிது. 1946இல் ஓய்வு, 1951இல் வட அட்லாண்டிக் ரேடார் நிலையங்களுக்குச் சரக்கேற்ற மறுபிறவி, 1964 முதல் 1999 வரை 'சிரோஸ்' என்ற பெயரில் கிரேக்கக் கடற்படை. தீவுகள் நிறைந்த நாட்டில், துறைமுகமில்லாத கரையிலும் வண்டி இறக்கும் கப்பலை யார் விடுவார்கள்? 2000 நவம்பரில் கிரேக்கத் தீவான கிரீட்டிலிருந்து முதிய மாலுமிகளே அதை ஓட்டி வந்து, 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறையில் சேர்த்தார்கள்.

எவன்ஸ்வில்லில் நிற்பதால் அங்கே கட்டியது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த ஊர்த் தளம் 167 எல்எஸ்டிகளைக் கட்டியது உண்மை. 325 அவற்றில் ஒன்றல்ல. அது 1942 அக்டோபரில் பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் நீரில் இறங்கிய கப்பல்.